டெட்ஹெட் ஆகிறது என்னண்டு: யாழ்ப்பாணத்தில இருந்து கிரேட்ஃபுல் டெட் கேக்க வெளிக்கிடுற ஆக்களுக்கு

போன்ல கிரேட்ஃபுல் டெட் எண்ட அமெரிக்க றொக் பாண்டின்ர பேரை அடிச்சு, மேல வாற அஞ்சு பாட்டைக் கேட்டிட்டு, "உதில என்ன கிடக்கு, உதுக்கே அமெரிக்காக்காரர் வேலையை விட்டிட்டு வான் பிடிச்சு இவையின்ர பின்னால திரிஞ்சவை" எண்டு மூடி வைக்கிற ஆக்கள்தான் கூட. நியாயமான கேள்வி. அப்பிடித் திரிஞ்ச ரசிகர்மாரைத்தான் டெட்ஹெட் எண்டுறது. அந்த அஞ்சு பாட்டுக்காக ஒருத்தரும் திரிஞ்சிருக்க மாட்டினம். இவையின்ர சாமான் முழுக்க மேடையில கிடக்கு, 1965 இல இருந்து 1995 வரைக்கும் வாசிச்ச 2300 க்குக் கிட்டவான மேடையளில பிரிஞ்சு கிடக்கு, ஒரு பாட்டு ஒரு இரவு 8 நிமிசம், இன்னொரு இரவு 25 நிமிசம், அடுத்தநாள் அந்தப் பாட்டே இல்லை, என்ன வரும் எண்டு வாசிக்கிற ஆக்களுக்கே மேடை ஏறும்வரை தெரியாது. இதைத்தான் ஜாம் பாண்ட் எண்டுறது, அந்த வகைக்கே தலைப்பிள்ளை இவைதான்.

பாண்டின்ர முதன்மைக் கிற்றார்காரரும் பாட்டுக்காரருமான ஜெரி கார்சியா 1995 ஓகஸ்ட் 9 செத்துப்போனார், அதோட பாண்ட் அந்தப் பேரில வாசிக்கிறதை நிப்பாட்டீட்டுது. பிறகும் சனம் விடேல்ல. அப்ப பிறக்காத பெடியள் இப்ப 1972 இல வாசிச்சதுக்கும் 1973 இல வாசிச்சதுக்கும் வித்தியாசம் சொல்லிச் சண்டை பிடிக்கிறாங்கள். அந்தப் பைத்தியம் என்னண்டு பிடிக்குது, இஞ்ச இருந்துகொண்டு அதை எப்பிடித் துவங்கிறது எண்டு கேக்கிற ஆக்களுக்குத்தான் இது. எனக்குச் சங்கீத இலக்கணம் பெரிசாத் தெரியாது, இருந்து கேக்கத் தெரியும், இதுக்கு அது காணும்.

உங்கட காது அரைவாசி பழகின காதுதான்

இணுவில், அளவெட்டிப் பக்கம் திருவிழா இரவில, சுவாமி வெளிவீதியில நிக்க, மேளக்காரர் சமா வைக்கிறதைச் சுத்தி இருந்து கேட்டிருப்பியள். நாயனக்காரர் ஒரு ராகத்தை எடுத்து அரை மணித்தியாலம் இழுப்பார், ஒருத்தரும் "பாட்டு எப்ப துவங்கும்" எண்டு கேக்கிறேல்ல. பிறகு ரெண்டு தவிலும் மாறி மாறித் தனி, பக்கத்தில இருக்கிற ஐயா துடையில தாளம் போட்டுக்கொண்டு தீர்மானம் எங்க வந்து விழுது எண்டு பாத்துக்கொண்டிருப்பார், சரியா விழுந்தா "ஆ" எண்டுவார். தவில் தட்சணாமூர்த்தி காலத்தைப் பற்றி வயசுபோன ஆக்களிட்ட வாயைக் குடுத்துப் பாருங்கோ, எந்தக் கோயில், எத்தினையாம் திருவிழா, எந்த ராகத்துக்கு எண்டு இடம் பொருளோடதான் சொல்லுவினம். ரெக்கோட்டின்ர பேரை ஒருத்தரும் சொல்ல மாட்டினம்.

டெட்ஹெட்மாரும் அச்சொட்டா இதே ஆக்கள்தான். அவைக்குப் பாட்டின்ர பேர் பாதிதான், திகதி மற்றப் பாதி. "எழுபத்தேழு, மே எட்டு" எண்டா காணும், மற்றவருக்கு விளங்கீடும். அதால முதல் விதி என்னெண்டா, பாட்டுப் பேரைத் தேடாதேங்கோ, திகதியைத் தேடுங்கோ.

துவங்கிறதுக்கு ஒரு இரவு

நான் ஆரும் கேட்டா 1977 மே 8 ஐத்தான் குடுக்கிறது. நியூயோர்க் மாநிலத்தில இத்தாக்கா எண்ட ஊரில, கோர்னெல் பல்கலைக்கழகத்தின்ர பார்ட்டன் ஹோல். மே மாசம் வெளில பனி கொட்டின இரவு. பழைய டெட்ஹெட்மார் சில பேர் "அது எல்லாரும் சொல்லுற இரவு, அதைவிட நல்லது இருக்கு" எண்டு மூக்கைச் சுழிப்பினம், இருக்கட்டும், எல்லாரும் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு, அமெரிக்காவின்ர லைப்ரரி ஒஃப் கொங்கிரஸ் 2012 இல அந்த ரெக்கோடிங்கைத் தங்கட தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல்ல சேர்த்தது சும்மா இல்லை.

மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட வாற முழு ஷோவையும் ஒரேயடியாக் கேக்க வேண்டாம். ரெண்டாவது செற்றின்ர, அதாவது இடைவேளைக்குப் பிறகு வாற பாதியின்ர, துவக்கத்துக்குப் போங்கோ. முன்னுக்கு நெரிபடுற சனத்தை ஒரு எட்டுப் பின்னுக்குப் போகச் சொல்லிக் கேப்பினம், அதுவே பகிடியா இருக்கும், பிறகு ஸ்கார்லெற் பிகோனியாஸ் எண்ட பாட்டுத் துவங்கும். வெயில் அடிச்ச மாதிரி ஒரு பாட்டு. வரியள் முடிஞ்சாப்பிறகு பாண்டின்ர பாடகி டோனா கோட்ஷோவின்ர குரல் சொல் இல்லாமல் மேல போகும், கிற்றார் அங்கால இங்கால அலையும், இப்பதான் கவனிக்க வேணும், பத்து நிமிசத்தடியில பேஸ் கிற்றார் மெல்லமா வேற ஒரு கதையைக் கதைக்கத் துவங்கும், ட்ரம்ஸ் இன்னும் பழைய பாட்டிலதான் நிக்கும், கொஞ்ச நேரம் ரெண்டு பாட்டும் ஒரே நேரத்தில ஓடுற மாதிரிக் கிடக்கும், எந்த இடத்தில மாறினது எண்டு விரல் வைக்க ஏலாது, பாத்தா ஃபயர் ஒன் த மவுண்டனுக்குள்ள நிக்கிறியள். அந்த ரெண்டாவது பாட்டு முழுக்க ரெண்டே ரெண்டு கோர்ட், அதுக்குள்ளயே கால் மணித்தியாலம் கார்சியா நிண்டு கிற்றாரை வாய் திறந்து மூடி கதைக்கிற மாதிரிக் கதைக்க வைக்கிறார்.

ரெண்டும் சேர்ந்து 25 நிமிசத்துக்கு மேல. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில ஏறினா ஒரு பஸ் பயணத்துக்குள்ள முடிஞ்சிடும். முதல் கிழமை இதை மட்டும் ஒரு அஞ்சாறு தரம் கேளுங்கோ, அந்த மாறுற இடத்தைப் பிடிக்கப் பாருங்கோ. பிடிச்சிட்டியள் எண்டா அடுத்ததுக்குப் போகலாம், பிடிக்காட்டியும் போகலாம், ஆனா அந்த இடத்தில ஒண்டும் நடக்கேல்ல எண்டு தோணினா இந்தப் பாண்ட் உங்களுக்குச் சரிவராது, அதிலயும் ஒரு வெக்கம் இல்லை.

பாட்டு வரிசையில ரெண்டு பேருக்கு இடையில ஒரு அம்புக்குறி போட்டிருப்பினம், பாத்திருப்பியள். நிக்காமல் ஒண்டுக்குள்ள இருந்து மற்றதுக்குள்ள போகுது எண்டுதான் அர்த்தம். பழகின ஆக்கள் ஒரு ஷோவின்ர லிஸ்றைக் கண்டா முதல்ல அம்புக்குறி எங்க கிடக்கு எண்டுதான் பாப்பினம். கார்சியா நல்லா நிக்கிற இரவில அம்புக்குறி கூட.

பிறகு ஒரு பாட்டைப் பிடிச்சு வருசத்தோட போங்கோ

இதுதான் இதின்ர உயிர். பத்துப் பாட்டைக் கேக்கிறதை விட ஒரு பாட்டைப் பத்து வருசத்தில கேக்கிறதாலதான் பைத்தியம் பிடிக்கும், இதை நான் எங்கயும் அடிச்சுச் சொல்லுவன்.

டார்க் ஸ்டாரை எடுங்கோ. 1968 இல சிங்கிள் ரெக்கோட்டா விட்டவை, மூண்டு நிமிசமும் இல்லை, அப்ப ஒருத்தரும் பெரிசா வாங்கேல்ல. 1969 இல லைவ் டெட் எண்ட அல்பத்தில அதே பாட்டு 23 நிமிசம். துவக்கத்தில ஒரு சின்னத் தொடுப்பு, ரொபேட் ஹண்டர் எழுதின கொஞ்ச வரி, மிச்சம் முழுக்க வெளி. வரியளுக்கு இடையில எங்க வேணுமெண்டாலும் போகலாம், ஒருத்தர் அந்தத் தொடுப்பைத் திரும்ப எடுத்தா எல்லாரும் வீட்டை வருவினம்.

அடுத்தது 1972 ஓகஸ்ட் 27, ஒரிகன் மாநிலத்தில வெனீற்றா. தயிர் செய்யிற சின்னக் கொம்பனி ஒண்டு கடனில தாழ, அதைக் காப்பாத்த வாசிச்ச கொன்சேட், ரிக்கற்றையே தயிர் லேபிள்ளதான் அச்சடிச்சவை. கொழுத்துற வெயில், கிற்றார் சுருதி நிக்குதில்லை, எங்கட வைகாசி வெயிலில பந்தல் இல்லாத வீதியில வாசிச்ச ஆக்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அதுக்குள்ள அரை மணித்தியாலத்துக்கு மேல ஒரு டார்க் ஸ்டார், பொழுது சாயுற நேரம், கடைசியில உதிர்ந்து போய் ஒரு குதிரைக்காரன்ர கன்ட்ரிப் பாட்டுக்குள்ள வந்து விழும். முதல் தரம் கேக்கேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

பேந்து எழுபதுகளின்ர நடுவில இருந்து இந்தப் பாட்டு அருமைப்பட்டுப் போச்சு. 1984 ஜூலையில ஒருக்கா வாசிச்சதுக்குப் பிறகு அஞ்சு வருசம் இல்லவே இல்லை. சனம் ஒவ்வொரு இரவும் "இண்டைக்கு வருமோ" எண்டு காத்துக்கொண்டு போகும், வராது, அடுத்த ஊருக்குப் போகும். 1989 ஒக்டோபர் 9, வேர்ஜீனியாவில ஹம்ப்டன் எண்ட இடம். சொந்தப் பேரில ரிக்கற் வித்தா ஊர்ப்பட்ட சனம் வந்து குவியும் எண்டு, ஆதியில தங்களுக்கு இருந்த வோர்லொக்ஸ் எண்ட பேரைப் போட்டு ரகசியமா மாதிரி வித்த ஷோ. அதில அந்தத் தொடுப்பின்ர முதல் ரெண்டு மூண்டு ஸ்வரம் விழுந்த உடன சனம் போடுற சத்தத்தைக் கேளுங்கோ. இந்த ஒண்டுக்கு மட்டும் சனத்துக்கு நடுவில இருந்து எடுத்த ரெக்கோடிங்தான் வேணும், மிக்ஸர்ல இருந்து எடுத்ததில அந்தச் சத்தம் அடங்கிப் போயிருக்கும். ஏன் இந்தச் சனம் பின்னால திரிஞ்சது எண்ட கேள்விக்கு அந்த அரை நிமிசத்தை விட நல்ல மறுமொழி என்னட்ட இல்லை.

இப்பிடியே சைனா கற் சன்ஃபிளவர் எண்டதையும் அதுக்குப் பின்னால அம்புக்குறியோட வாற ஐ நோ யூ ரைடரையும் எடுத்து 1970, 1972, 1974, 1977, 1989 எண்டு போட்டுப் பாருங்கோ. இடையில வாற அந்த மாறுற துண்டு வருசத்துக்கு வருசம் வேற மாதிரி இருக்கும்.

எந்த ரெக்கோடிங்கை எடுக்கிறது

ஆர்க்கைவ் டொட் ஓர்க் எண்ட தளத்தில ஆயிரக்கணக்கில கிடக்கு, காசு இல்லை. பாண்டின்ர பேருக்குப் பக்கத்தில வருசம், மாசம், நாள் எண்ட ஒழுங்கில 1977-05-08 எண்டு அடிக்க வேணும், எங்கட மாதிரி நாளை முன்னுக்குப் போட்டா குழம்பும். ஒரே இரவுக்குப் பத்துப் பதினைஞ்சு ரெக்கோடிங் வந்து நிக்கும், பயப்பட வேண்டாம். சவுண்ட்போட் எண்டு போட்டிருந்தா மிக்ஸர்ல இருந்து நேர எடுத்தது, துப்புரவா இருக்கும். ஓடியன்ஸ் எண்டா சனத்துக்க மைக் பிடிச்சு எடுத்தது. மேற்றிக்ஸ் எண்டா ரெண்டையும் கலந்தது, துவங்கிற ஆக்களுக்கு இதுதான் வாய்க்கும்.

ஒரு விசயம், சவுண்ட்போட்டுகளை அங்கயே வைச்சுக் கேக்கத்தான் ஏலும், இறக்க ஏலாது. 2005 இன்ர கடைசியில பாண்டின்ர பக்கத்தில இருந்து எல்லா டவுன்லோட்டையும் மூடச் சொல்லிச்சினம், ரசிகர்மார் கொதிச்செழும்பி மனு எல்லாம் போட்டினம், பேஸ் வாசிச்ச ஃபில் லெஷே எனக்கு இது தெரியாது எண்டிட்டார், கடைசியா ஓடியன்ஸ் ரெக்கோடிங்கை மட்டும் திரும்பத் திறந்து விட்டவை. அதால டேற்றா மிச்சம் பிடிக்க வேணுமெண்டா ஓடியன்ஸ் ரெக்கோடிங்கை எம்பீத்திரியில இரவு டேற்றாவில இறக்கி வையுங்கோ. ஃப்ளாக் எண்ட பெரிய ஃபைல் ஒரு ஷோவுக்கே ஒரு ஜீபிக்குக் கிட்ட வரும், பத்து ரூவா இயர்ஃபோன்ல கேக்க அது தேவை இல்லை.

கேக்கேக்க பாட்டு நடுவில டக்கெண்டு வெட்டுப்பட்டு, ஒரு நொடி ஒண்டும் இல்லாமல், திரும்ப வேற இடத்தில துவங்கும். போன் பழுது எண்டு நினைக்காதேங்கோ. தொண்ணூறு நிமிசக் கசற்றில ஒரு பக்கம் முடிஞ்சு, ரெக்கோட் பண்ணின ஆள் மறுபக்கம் திருப்பிப் போட்ட நேரம் அது. இருட்டில, சனத்துக்க, கையில ரோச்சைப் பிடிச்சுக்கொண்டு, ஜாம் உச்சத்தில நிக்கேக்க திருப்ப வேண்டி வந்த பாவப்பட்ட மனிசன். முதல் முதல் ஒளிச்சுத்தான் மைக்கைக் கொண்டு போனவை, பிறகு பாண்டே ஓமெண்டு விட்டிட்டுது, 1984 ஒக்டோபர்ல இருந்து ரெக்கோட் பண்ணிற ஆக்களுக்கு மிக்ஸருக்குப் பின்னால தனி இடம், தனி ரிக்கற். மற்ற பாண்டுகள் கனக்க இதைக் களவு எண்டு தடுத்த காலம். நாங்கள் வாசிச்சு முடிச்சாப்பிறகு அது சனத்தின்ர எண்ட மாதிரித்தான் கார்சியாவின்ர கதை.

அந்தக் கசற்றுகள் ஒண்டும் விலைக்குப் போகக் கூடாது, அதுதான் டெட்ஹெட்மாரின்ர எழுதாத சட்டம். ஒண்டுக்கு ஒண்டு மாத்தலாம், மாத்த ஒண்டும் இல்லாத புது ஆள் எண்டா வெறும் கசற்றும் திருப்பி அனுப்ப முத்திரையும் வைச்சு அனுப்பினா பதிஞ்சு வரும். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்திக் கசற் கேட்ட வீட்டு ஆக்களுக்கு ஒரு கசற்றின்ர பெறுமதியை நான் சொல்லத் தேவை இல்லை.

பெற்றி கன்ரோர் ஜாக்சன் எண்ட பேரையும் ஞாபகம் வைச்சிருங்கோ. பாண்டின்ர ஒலிப்பதிவுக்காரி, கோர்னெல் இரவை எடுத்ததும் அவதான். அவவின்ர ரேப்புகள் வைச்சிருந்த ஸ்ரோறேஜ் அறைக்கு வாடகை கட்ட ஏலாமல் 1986 இல அதுகள் ஏலத்தில போச்சுது, வாங்கின முகம் தெரியாத ஆக்களிட்ட இருந்து மெல்ல மெல்ல வெளில வந்துதான் எழுபதுகளின்ர நல்ல சத்தம் சனத்தின்ர கையில கிடைச்சது.

காதை ஆளுக்கு ஆள் மாத்திப் பழகுங்கோ

ஒரே துண்டை ஒவ்வொரு தரமும் ஒவ்வொருத்தரைப் பிடிச்சுக்கொண்டு கேளுங்கோ. முதல் கார்சியா, அவரை விட ஏலாது, வலக்கையில நடுவிரல் மூண்டில ரெண்டு பங்கு இல்லாத மனிசன், சின்னனில கோடாலி பட்டது. பிறகு ஃபில் லெஷ். அவர் பேஸ் காரரே இல்லை, ட்ரம்பெற் வாசிச்சு மேற்கத்திய சங்கீதம் படிச்ச ஆள், பாண்டுக்கு வந்தாப்பிறகுதான் பேஸைக் கையில எடுத்தவர், அதால கீழ நிண்டு தாளத்தை மட்டும் பிடிக்க மாட்டார், கிற்றாரோட வாக்குவாதப்பட்டுக் கொண்டே போவார். 2024 ஒக்டோபர்ல காலமானார். மற்றக் கிற்றார்காரர் பொப் வியரை மட்டும் பிடிச்சுக் கேக்கிறது கஷ்டம், அவர் எங்க நிக்கிறார் எண்டே தெரியாது, அவரை எடுத்துப் போட்டா எல்லாம் சரிஞ்சு விழும்.

ட்ரம்ஸுக்கு ரெண்டு பேர், பில் க்ரொய்ட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும். எங்கட ஆக்கள் இஞ்ச கொஞ்சம் நிக்கலாம். ஹார்ட் 1967 இல தபேலா மேதை அல்லா ரக்காவிட்டப் போய்ப் படிச்சவர், அவரின்ர மகன் சாகிர் ஹுசைனோட சேர்ந்து 1976 இல டீகா எண்ட அல்பம் செய்தவர், 1991 இல பிளானற் ட்ரம் எண்டு ஒண்டு செய்யேக்க எங்கட விக்கு விநாயகராம் அதில கடம் வாசிச்சவர், உலக இசைக்கு எண்டு கிராமி குடுக்கத் துவங்கின முதல் தரம் அந்த அல்பத்துக்குத்தான் போச்சு. அதால இந்தப் பாண்டின்ர தாளம் உங்களுக்கு அந்நியமா இருக்காது. லைவ் டெட் அல்பத்தில த இலெவன் எண்டு ஒரு பாட்டு, பதினொண்டில ஓடும். துடையில தகிட தகிட தகிட தக எண்டு போட்டுப் பாருங்கோ, அச்சாவா வந்து இருக்கும். எஸ்ரிமேற்றட் புரொஃபெற் ஏழில ஓடுறது, அதையும் எண்ணிப் பாருங்கோ.

ரெண்டாவது செற்றின்ர நடுவில ட்ரம்ஸ், ஸ்பேஸ் எண்டு ஒரு அரை மணித்தியாலம் வரும், எழுபதுகளின்ர கடைசியில இருந்து ஒவ்வொரு இரவும். மற்றாக்கள் மேடையால இறங்க ரெண்டு ட்ரம்ஸ்காரரும் தனி வைப்பினம், பிறகு இவை இறங்க கிற்றார்காரர் வந்து தாளம் இல்லாத ஒரு சத்தக் காட்டுக்குள்ள போவினம். அமெரிக்காச் சனம் கனபேர் அந்த நேரம்தான் கக்கூசுக்குப் போறது. நீங்கள் போகாதேங்கோ.

எந்த வருசம் எண்டு கேட்டா

கெதியாச் சொல்லுறன். 1968, 69 காட்டுத்தனம். 1970 இல வந்த வேர்க்கிங்மன்ஸ் டெட், அமெரிக்கன் பியூற்றி எண்ட ரெண்டு அல்பமும் அல்பமாவே நல்லது, ஹண்டரின்ர வரியளுக்காகக் கேக்கலாம். 1972 இல ஐரோப்பா போன பயணம் என்ர கணக்கில உச்சம். 1974 இல வோல் ஒஃப் சவுண்ட் எண்டு மேடைக்குப் பின்னால மதில் மாதிரி ஸ்பீக்கர் அடுக்கி, அதைக் கொண்டு திரிஞ்ச செலவிலயும் அலுப்பிலயும் வருசக் கடைசியில ஓய்வெடுத்திட்டினம். 1977 எல்லாருக்கும் பிடிக்கும். 1978 இல எகிப்துக்குப் போய்ப் பிரமிட்டடியில வாசிச்சது கதைக்கு நல்லம், வாசிப்பு அவ்வளவு இல்லை. 1986 இல கார்சியா நீரிழிவால கோமாவில விழுந்து எழும்பினவர், அதுக்குப் பிறகு 1989, 90 திரும்ப ஒரு நல்ல காலம், ப்ரென்ற் மிட்லண்டின்ர கீபோட்டும் தொண்டையும். அவரும் 1990 ஜூலையில போயிட்டார். இவைக்குக் கீபோட் கதிரை ராசியில்லை. 1994, 95 ஐ இப்ப தொடாதேங்கோ, கனகாலம் கேட்டு மனிசரிலயும் பாசம் வந்தாப்பிறகு கேளுங்கோ, கார்சியா வரியளை மறந்து தடுமாறுறது மனதைப் பிசையும்.

சனம் எண்டுறது பாண்டின்ர பாதி

1971 இல விட்ட அல்பத்துக்குள்ள ஒரு சின்ன அறிவித்தல் போட்டவை, நீங்கள் ஆர், எங்க இருக்கிறியள், பேரும் விலாசமும் அனுப்புங்கோ எண்டு. கடிதம் குவிஞ்சுது. அந்த விலாசப் பட்டியலை வைச்சுத்தான் செய்தி அனுப்பினவை, 1983 இல இருந்து இடைத்தரகர் இல்லாமல் தபாலில தாங்களே ரிக்கற் வித்தவை, சனம் கடித உறையை ஓவியம் கீறி அலங்கரிச்சு அனுப்பும். ஷோ நடக்கிற இடத்தின்ர வாகனத் தரிப்பிடமே ஒரு சந்தை, சாப்பாடு, சாயம் கட்டின ரீசேட், மணி மாலை. ரிக்கற் இல்லாத ஆள் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நிப்பார், ஆரும் சும்மா ஒண்டு தந்தா அதுக்குப் பேர் மிரக்கிள். காது கேளாத ரசிகர்மாருக்குத் தனி இடமும் சைகை மொழிபெயர்ப்பும் இருந்தது, பலூனைக் கையில பிடிச்சு அதிர்வை உணருவினம்.

வெள்ளை மட்டும் அடிக்கக் கூடாது. 1987 இல ரச் ஒஃப் கிரே எண்ட பாட்டு அமெரிக்காவின்ர பில்போட் பாட்டு வரிசையில 9 ஆம் இடத்துக்கு ஏற, இசைக்கு வராத கும்பலும் வாகனத் தரிப்பிடத்துக்கு வரத் துவங்கிச்சு. 1995 ஜூலையில இண்டியானாவில ரிக்கற் இல்லாதவை வேலியை உடைச்சுக்கொண்டு உள்ள போக, அடுத்தநாள் ஷோவே நிண்டுபோச்சு. ஒரு கிழமையில சிக்காகோவில கடைசி மேடை.

போதைக் கதையும் சொல்ல வேணும், மறைச்சுப் பிரயோசனம் இல்லை. ஆரம்பத்தில இவையின்ர சவுண்ட் பாத்த அவ்ஸ்லி ஸ்ரான்லிதான் எல்எஸ்டி காய்ச்சிறதில அமெரிக்காவிலயே பேர்போன ஆள். கார்சியாவைத் தின்னதில ஹெரோயினுக்கும் பங்கு இருக்கு. ஆனா போதையை விட்ட டெட்ஹெட்மார் வோர்ஃப் ரற்ஸ் எண்டு கூட்டம் சேர்ந்து, ஒவ்வொரு ஷோவிலயும் மஞ்சள் பலூனைக் கட்டிப்போட்டு, இடைவேளையில ஒண்டாக் கூடி, ஒண்டும் எடுக்காமல் இதே இசையை விடிய விடிய ஆடிக் கேட்டவை. பெடியளுக்குச் சொல்லுறன், பிளேன்ரீ காணும். இஞ்ச இப்ப ஊருக்குள்ள வாற சாமானுக்கு இந்தப் பாண்டைச் சாட்டாக்காதேங்கோ.

இஞ்ச கூட்டம் சேர்க்கிறது

நாலு பேர் காணும். கந்தர்மடம், திருநெல்வேலிப் பக்கம் பெடியள் வாடகைக்கு இருக்கிற அறை எண்டா வசதி, பெரிய ஸ்பீக்கர் வேண்டாம், பக்கத்து வீட்டு அன்ரி வந்தா எல்லாம் முடிஞ்சுது. ஒவ்வொருத்தரும் ஒரே பாட்டின்ர வேற வேற திகதியைக் கொண்டு வரவேணும், பேரைச் சொல்லாமல் போட்டு எந்த வருசம் எண்டு கண்டுபிடிக்கிற விளையாட்டு, ரெண்டு மூண்டு மாசத்தில கீபோட்டை வைச்சே ஆள் சொல்லுவினம். ஒரு விதி மட்டும், ஓடிக்கொண்டிருக்கேக்க கதைக்கிறேல்ல. ஸ்கிப் பண்ணிறேல்ல.

நாள் பாத்துச் செய்யிறதெண்டா ஓகஸ்ட் 1 இல இருந்து 9 வரை. ஒண்டு கார்சியா பிறந்த நாள், ஒம்பது செத்த நாள், இடைப்பட்ட நாளெல்லாம் உலகம் முழுக்க டெட்ஹெட்மார் கேப்பினம். சில வருசத்தில நல்லூர்க் கொடியேறின காலமும் இதோட வந்து முட்டும், அப்ப பின்னேரப் பூசைக்குப் போய் மேளத்தையும் கேட்டிட்டு வந்து இதைப் போடுங்கோ, ஒண்டும் இடிக்காது, இன்னும் நல்லா விளங்கும்.

ரீசேட் வாங்கப் போறியள் எண்டா, பாண்டின்ர சின்னமான மண்டையோட்டுக்குள்ள இருக்கிற மின்னலுக்குப் பதின்மூண்டு முனை இருக்கவேணும், எண்ணிப்போட்டு வாங்குங்கோ. அதைப் போட்டுக்கொண்டு கோயில் வீதியால போனா அம்மாமார் என்ன சொல்லுவினம் எண்டு உங்களுக்கே தெரியும். எலும்புக்கூடு வேண்டாமெண்டா ஆடுற கரடிப் படம் இருக்கு.

கிற்றார் வைச்சிருக்கிற ஆள் கூட்டத்தில இருந்தா, ஃபயர் ஒன் த மவுண்டனின்ர ரெண்டு கோர்ட்டையும் எடுத்து, மிருதங்கம் பழகிற பெடி ஒருத்தனைக் கூப்பிட்டு, இருபது நிமிசம் நிப்பாட்டாமல் வாசிக்கச் சொல்லுங்கோ. முதல் அஞ்சு நிமிசம் உற்சாகம், அடுத்த அஞ்சு நிமிசம் என்ன செய்யிறது எண்டு தெரியாமல் ஒராளின்ர முகத்தை மற்றாள் பாப்பினம், அதைத் தாண்டினால்தான் ஒராள் செய்யிறதை மற்றாள் கேக்கத் துவங்குவினம். இவை முப்பது வருசம் என்ன செய்தவை எண்டு அப்ப விளங்கும்.

கடைசியா, சேர்த்ததை மற்றாக்களுக்குப் பென்ட்ரைவில போட்டுக் குடுங்கோ, காசு வாங்காமல். குடுக்கேக்க பாட்டு ஃபைலை மட்டும் வெட்டிப் போடாமல், கூட வாற அந்தச் சின்ன எழுத்து ஃபைலையும் சேர்த்துப் போடுங்கோ. எந்த மைக், எத்தினையாவது தரம் பதிஞ்ச கசற், ஆர் எடுத்தது, எந்தப் பாட்டில வெட்டு விழுந்தது எண்டு அதுக்குள்ளதான் இருக்கு, அது இல்லாட்டி அடுத்தாளுக்குத் திகதியே தெரியாமல் போயிடும்.